கொப்புடையாள் என்றொரு பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அண்மையில் பிறந்த என் மகன்வழிப் பேத்திக்கு, அவளுடைய அப்பத்தாவின் பெயரான ‘கொப்புடையாள்’ என்பதையே வைத்தோம். பிறப்புச் சான்றிதழில் ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பாகி, ‘கோப்புடையாள்’ என்று அச்சாகி வந்தது. நாளெல்லாம் கோப்புகளுக்கு நடுவே இருப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும் போலும்.

கொப்பு என்பது பெண்கள் காதில் அணிந்த நகை. அதை அணிந்தவளாதலால் காரைக்குடி அம்மன் கொப்புடைய நாயகி எனப்பட்டாள். அவளிடமிருந்து வீடுகளுக்கு வந்த பெயர் இது. பாட்டன் பாட்டி பெயரை இடும் வழக்கத்தால் (பேரன் என்பதே பெயரன்தானே!) மெய்யம்மையும் சிகப்பியும் உமையாளும் இங்கே தலைமுறைதோறும் திரும்பி வந்தனர். இன்றோ எண்கணிதம் பார்த்து, ‘ஷ்’ஷும் ‘ஸ்ரீ’யும் தேடுவதில், இப்பெயர்கள் வீட்டில் கூப்பிடும் அளவுக்குக்கூட மிஞ்சுவதில்லை.

திருத்தம் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். பதிவு செய்வோர் பெயரை ஒருமுறை பெற்றோரிடம் வாசித்துக் காட்டிவிட்டு அச்சிட ஆவன செய்ய வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், காரைக்குடி