ஆர்வி-7 வீடு வந்து சேர்ந்தது: தோள் கொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்பு நண்பர்களே,

வேன்ஸ் நிறுவனத்தின் உதிரிபாகத் தொகுப்பை (கிட்) வாங்கி நாமே கட்டும் ஆர்வி-7 விமானம், பாதி கட்டிய நிலையில், கேன்சஸிலிருந்து கொலராடோவில் உள்ள எங்கள் கராஜுக்கு ஒரு நசுங்கலும் இல்லாமல் வந்து சேர்ந்துவிட்டது. யார் என்ன செய்தீர்கள் என்பதை விவரமாகவே எழுதுகிறோம். அடுத்து கிட் எடுத்துவரப் போகிறவர்களுக்கும் உதவும்.

முதல் நன்றி, கிட்டை விற்ற குடும்பத்துக்கு. கட்டுமானப் பதிவேடு, படங்கள், ரசீதுகள் என ஒரு தாள் விடாமல் எடுத்துக் கொடுத்தீர்கள். விமானத்தின் பெரும்பகுதியை அமெச்சூர்கள் தங்கள் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டியதற்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ சான்று கேட்கும். முன்பு கட்டியவரின் உழைப்பும் அந்தக் கணக்கில் சேரும், பதிவு இருந்தால்.

மரத்தாங்கி செய்து தந்த இஏஏ (சொந்தமாக விமானம் கட்டுவோர் சங்கம்) கிளை நண்பர்களே, இறக்கைகளை முன்விளிம்பு கீழே இருக்கும்படி நிறுத்தியதுதான் சரி. வளைந்த தகடும் உள்ளே விலா எலும்பு போல் இருக்கும் சட்டங்களும் சேர்ந்து அங்கே பலம் அதிகம். பின்விளிம்பில் மெல்லிய தகடும் எய்லரான், ஃபிளாப் என்ற அசையும் பகுதிகளைத் தாங்கும் பிராக்கெட்டுகளும்தான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பார் (இறக்கையின் முதுகெலும்பு போன்ற உத்திரம்) முனைகளுக்குத் தனியாக ஃபோம் சுற்றினீர்கள். அந்த போல்ட் துளைகள் தொழிற்சாலையிலேயே துல்லியமாகப் போட்டவை. அங்கே அடிபட்டால் இறக்கை உடலோடு பொருந்துவதே சிக்கலாகிவிடும்.

கிளீக்கோ மாட்டியவர்களுக்குத் தனி வணக்கம். ரிவெட் என்ற நிரந்தர ஆணி அடிக்கும்வரை தகடுகளைத் துளை வழியே சேர்த்துப் பிடிக்கும் தற்காலிகப் பிடிப்பான்தான் கிளீக்கோ. ரிவெட் அடிக்காத தகடுகளில் ஆங்காங்கே மட்டும் கிளீக்கோ இருந்தால், லாரியின் அதிர்வில் தகடுகள் ஒன்றோடொன்று உரசித் துளைகள் நீள்வட்டமாகும். பிறகு பெரிய ரிவெட்டுக்குத்தான் போக வேண்டும். 3/32 அங்குலத் துளைக்கு வெள்ளி நிறம், 1/8-க்குச் செம்பு நிறம் என்று பிரித்து, ஒன்று விட்டு ஒரு துளையில் பொறுமையாக மாட்டினீர்கள்.

லாரி ஓட்டிய நண்பருக்கு என்ன சொல்ல! டன் கணக்கில் பாரம் ஏற்றும் மூடிய லாரியில், எஞ்சின் இல்லாத இந்த உடல் பாரமே இல்லை. ஸ்பிரிங் அழுந்தாமல் ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் வண்டி குதிக்கும். பின்அச்சுக்குப் பின்னால் அது இன்னும் மோசம். அதனால் விமானி இருக்கையின் மேல் வரும் ஒளிபுகும் மூடியான கேனபியைப் பின்அச்சுக்கு முன்னால் வைத்தீர்கள். குளிரில் அதன் அக்ரிலிக் பிளாஸ்டிக் எளிதில் விரிசல் விடும் என்பதால் வெயில் நாளாகவும் பார்த்தீர்கள். கட்டும் பட்டையைத் தகட்டின் மேல் போடாமல் ஸ்பார் நுழையும் பல்க்ஹெட் (உடலின் குறுக்குச் சட்டம்) வழியாகக் கோத்ததும், ஃபோம் அழுந்திப் பட்டை தளர்ந்திருக்கும் என்று வழியில் நிறுத்தி மறுபடி இறுக்கியதும் உங்கள் அனுபவம்.

இறக்கியவுடன் வந்து பார்த்த இஏஏ தொழில்நுட்ப ஆலோசகருக்கும் நன்றி. தகடுகளில் ஒட்டியிருந்த நீல வினைல் படலத்தை உடனே உரிக்கச் சொன்னீர்கள். ஆண்டுக்கணக்கில் விட்டால் அது இறுகிப்போகும், அடியில் ஈரம் தங்கி அலுமினியம் அரிக்கும். பாதிக்கு மேல் உரித்துவிட்டோம்.

மரத்தாங்கியை இறக்கைகள் உடலில் ஏறும்வரை வைத்துக்கொள்கிறோம். அதன் பிறகு கிளையில் யாருக்குத் தேவையோ, வந்து சக்கரங்களோடு எடுத்துக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
ஆர்வி-7 கட்டும் குழுவினர்