ஆபரேஷனுக்குப் பிறகு வந்தவர்களுக்கு

பட்டுக்கோட்டை அரசு மருத்துவமனையிலும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் என் அப்பாவைப் பார்த்துக்கொண்ட எல்லாருக்கும் வணக்கம்.

அப்பா நன்றாக இருக்கிறார். மூன்று வேளையும் சாப்பிடுகிறார், தோப்புப் பக்கம் மெதுவாக நடந்துவிட்டு வருகிறார், டிவி ரிமோட்டுக்கு அம்மாவோடு சண்டை போடுகிறார். "வீட்டுக்குப் போனதும் எப்படி இருக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று வார்டில் கேட்டவர்கள் பலர். எல்லாருடைய நம்பரும் என்னிடம் இல்லை. அதனால்தான் இந்த மடல். பெயர்கள் எதையும் போடவில்லை. சிலர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சிலர் பெயரைப் போட்டுச் சிலரை விடுவதும் சரியாக இருக்காது.

தெரியாதவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பாவுக்கு 67 வயது. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னந்தோப்பைச் சாய்த்துவிட்டுப் போனது. விழுந்த மரங்களை இழுத்துப் போட்ட வேலையில் அவருக்கு முழங்கால் போனது. அன்றிலிருந்து வலி மாத்திரைதான் கதி. டைக்ளோஃபெனாக் என்ற பெயர்கூட அவருக்குத் தெரியாது. கடையில் "அந்த முட்டி மாத்திரை ஒரு அட்டை" என்பார், கொடுத்துவிடுவார்கள். காலையில் வெறும் வயிற்றில் டீயோடு ஒன்று. இந்த மாத்திரைகள் வலியைக் குறைப்பது எந்த வேலையால் நடக்கிறதோ, அதே வேலையால் இரைப்பையையும் முன்சிறுகுடலையும் அமிலத்திலிருந்து காக்கும் படலம் மெலிந்துபோகிறது. முதலில் புண். அப்புறம் ஒருநாள் விடியற்காலையில் அந்தப் புண் குடலைத் துளைத்துவிட்டது.

முதலில் காட்டிய ஒரு தனியார் கிளினிக்கில் கேஸ் என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பினார்கள். வலி அடங்கியது போல இருந்தது, அரை நாள் போய்விட்டது. அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

பட்டுக்கோட்டை ஜி.எச். ஸ்டாஃப் நர்ஸ் அக்காவுக்குத்தான் முதல் நன்றி. அவசரப் பிரிவில் அன்று நல்ல கூட்டம். அப்பா சத்தமே போடவில்லை. முழங்காலை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தார். சத்தம் போடாத நோயாளி வரிசையில் பின்னால் போய்விடுவது வழக்கம்தானே. அந்த அக்கா தாண்டிப் போனவர் திரும்பி வந்து, "கல்லு வலின்னா உருண்டு புரளுவாங்க. இவரு மூச்சு விடக்கூட யோசிக்கிறாரே" என்று வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். வயிறு பலகை மாதிரி இருந்தது. அடுத்த நிமிடம் டாக்டர் வந்துவிட்டார்.

எக்ஸ்ரே எடுத்த தம்பிக்கும் நன்றி. "படுத்தபடியே எடுத்துடுங்களேன், உட்கார முடியல" என்று அம்மா கெஞ்சியும் அவர் கேட்கவில்லை. அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து, பின்னால் தானே முட்டுக் கொடுத்து, கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் எடுத்தார். குடலில் ஓட்டை விழுந்தால் உள்ளே இருக்கும் காற்று வயிற்றுக்குள் கசியும். நிமிர்ந்து இருந்தால்தான் அது மேலே ஏறி நிற்கும். படத்தில் வலது பக்கம், கல்லீரலுக்கும் உதரவிதானத்துக்கும் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) நடுவில் கறுப்பாக ஒரு கீற்று தெரிந்தது. படுத்தபடி எடுத்திருந்தால் அது தெரியாமலே போயிருக்கலாம் என்று பிறகு சொன்னார்கள்.

மூக்கு வழியாக டியூப், கையில் டிரிப்ஸ், முதல் டோஸ் ஆன்டிபயாடிக் எல்லாம் அங்கேயே போட்டுத்தான் 108-இல் ஏற்றினார்கள். ஒரத்தநாடு வழியாகத் தஞ்சாவூர் போகிற வரை ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் "அய்யா, இப்ப ஒரு ஆட்டம் வரும், வயித்தப் புடிச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார் ஆம்புலன்ஸில் இருந்த தம்பி. டிரைவர் அண்ணனிடம் பேசவே வாய்க்கவில்லை. அவர் இதைப் படித்தால் என் கும்பிடு.

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜில் நாங்கள் போய் இறங்கியதும் எல்லாம் வேகமாக நடந்தது. குடல் ஓட்டை ஆபரேஷனில் ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் கணக்குத்தான். டென்மார்க்கில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்: மருத்துவமனைக்கு வந்த பிறகு தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 2.4 சதவீதம் குறைவதாக 2013-இல் வந்த ஆய்வு சொல்கிறது. ஹை ரிஸ்க் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டபோது கை நடுங்கியது. அந்த அவசரத்திலும், அங்கேயே மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. டாக்டர் ஒருவர் ஒரு தாளில் இரைப்பையை வரைந்து, "இங்கதாம்மா ஓட்டை. இதை மூடி, பக்கத்துல இருக்கிற கொழுப்புப் படலத்தை எடுத்து மேல வச்சுத் தைப்போம். வயித்துக்குள்ள சிந்தினதைக் கழுவி விடுவோம்" என்று புரியவைத்தார். கனடாவில் ராஸ்கோ கிரகாம் என்ற சர்ஜன் 1937-இல் எழுதிவைத்த முறையாம், இன்னும் அதுதான் கைகொடுக்கிறது. மயக்க மருந்து டாக்டர் அம்மா வந்து கடைசியாக எப்போது சாப்பிட்டார், ஆடுகிற பல் இருக்கிறதா என்று கேட்டார். அந்த நேரத்தில் பல்லைப் பற்றிக் கேட்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மூச்சுக்குழாய் போடும்போது ஆடுகிற பல் கழன்று உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காகக் கேட்டது அது. அப்பாவுக்கு ஒன்று ஆடிக்கொண்டுதான் இருந்தது.

ஊர்ப் பையன்கள் நாலைந்து பேர் இரவோடு இரவாகப் பைக்கில் வந்து ரத்தம் கொடுத்தார்கள். அப்பாவுக்கு ஏற்ற வேண்டி வரவில்லை. யாருக்கோ போயிருக்கும், நல்லதுதான். காப்பீட்டுத் திட்ட அட்டை, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் என்று அலைந்த என் சின்ன மாமாவுக்குத் தனியாக வீட்டில் சொல்லிக்கொள்கிறேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சொன்ன அன்றைக்கே, எல்லாம் முடிந்தது என்று நாங்கள் போன் மேல் போன் போட்டு ஊருக்குச் சொல்லிவிட்டோம். படம் வரைந்து காட்டிய அதே பி.ஜி. டாக்டரிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். "எனக்குச் சொல்றதுல பாதியை வார்டுக்குக் கொண்டுபோய்க் குடுங்கம்மா. இனிமேதான் இருக்கு" என்றார். தன்னடக்கம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஒருநாள் அவரே விளக்கினார். அவசர வயிற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பற்றி 58 நாடுகளில், 357 மருத்துவமனைகளில் சேர்த்த கணக்கு 2016-இல் வெளிவந்திருக்கிறது. மொத்தம் 10,745 பேர். 30 நாளுக்குள் இறந்தவர்கள் 578 பேர். அவர்களில் 404 பேர் முதல் 24 மணி நேரத்தைத் தாண்டிய பிறகுதான் இறந்திருக்கிறார்கள். அதாவது பத்தில் ஏழு பேர், ஆபரேஷன் தியேட்டரை விட்டு நல்லபடியாக வெளியே வந்து, ஒரு நாள் கடந்து, அதற்குப் பிறகு. நோயாளி எந்த நிலைமையில் வந்தார் என்பதையெல்லாம் கழித்துப் பார்த்த பிறகும், வளர்ந்த நாடுகளை விட மற்ற நாடுகளில் 30 நாளுக்குள் இறக்கும் அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்காம். அதனால் இந்த மடலில் பெரிய பங்கு அந்த 24 மணி நேரத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு.

இரவு டியூட்டி சிஸ்டர். உங்களைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். அன்றைக்கு அப்பாவுக்குக் காய்ச்சல்கூட இல்லை. வயிற்றுக்குள்ளிருந்து குழாய் வழியாகக் கசிவு வந்து சேரும் டிரெயின் பையைப் பார்க்க வந்தீர்கள். பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். வாட்சைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் அப்பாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். மூச்சை எண்ணியிருக்கிறீர்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. "தாத்தா, மூச்சு வாங்குதா?" என்று கேட்டதற்கு அவர் இல்லை என்றார். அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார். நீங்கள் அதை நம்பாமல் டியூட்டி டாக்டரை எழுப்பினீர்கள். நுரையீரலின் அடிப்பகுதியில் சளி கட்டி நிமோனியா ஆரம்பித்திருந்தது. வயிற்றுத் தையல் வலிக்கு பயந்து ஆழமாக மூச்சு விடாமல், இருமாமல் படுத்திருந்ததுதான் காரணம். ஆக்சிஜன் வைத்தார்கள், மருந்தை மாற்றினார்கள். விடிந்து ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "நைட்டே புடிச்சுட்டாங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நீங்கள் அதற்குள் டியூட்டி முடிந்து கிளம்பிவிட்டீர்கள். அதை உங்களிடம் யாராவது சொன்னார்களா தெரியவில்லை.

பிசியோதெரபி தம்பியை அப்பா ஆரம்பத்தில் திட்டாத திட்டில்லை. மூன்று பந்து உள்ள குழாயைக் கொடுத்து உறிஞ்சச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? ஒரு பந்து அரை அங்குலம் ஏறும், பொத்தென்று விழும். தலையணையை வயிற்றோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லிக் கொடுத்தார். அது தையலைத் தாங்கிக்கொள்கிறது, வலி பாதியாகிறது. வார்டில் தலையணை போதாமல் அம்மாவின் பழைய சேலையை மடித்து உருட்டிப் பயன்படுத்தினோம். பிறகு நடக்க வைத்தார். ஒரு கையில் டிரெயின் பை, மறு கையில் அந்தத் தம்பியின் தோள். கட்டிலிலிருந்து ஜன்னல் வரை. இரண்டாவது பந்து ஏறிய அன்று பக்கத்துக் கட்டில் பெரியவர் கை தட்டினார்.

தையலின் கீழ்ப்பகுதியில் சீழ் வைத்ததும் அங்கே மட்டும் திறந்துவிட்டுத் தினமும் சுத்தம் செய்த டிரெஸ்ஸிங் அண்ணனுக்கு நன்றி. துணியைப் பிய்க்காமல், சலைன் ஊற்றி நனையவிட்டு, அது தானாக விடும் வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். தேங்காய் விலை, வெட்டுக் கூலி, கேரளா லோடு எல்லாம் அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். துப்புரவு வேலை பார்த்த அக்கா, அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த நாட்களில் "நீ விழுந்தா யாரு பாக்குறது?" என்று அதட்டித் தன் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தவர். எதிர்க் கட்டில் பாப்பாநாட்டுக்காரர் குடும்பம் எங்களுக்கும் சேர்த்து வெந்நீர் பிடித்து வைத்தது. அவர்கள் வீட்டுப் பெரியவர் திரும்பவில்லை. அவருக்கும் வயிற்று ஆபரேஷன்தான், எங்களை விடத் தாமதமாக வந்து சேர்ந்தவர்கள். அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் அன்று கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். இந்த நன்றியில் நீங்களும் இருக்கிறீர்கள்.

இப்போது நிலவரம். அல்சருக்கு எச்.பைலோரி கிருமியும் ஒரு காரணமாக இருக்கும் என்பதால் அதற்கான மாத்திரை கோர்ஸை முடித்துவிட்டார். அந்தப் பழைய வலி மாத்திரை வீட்டில் இல்லை. முட்டி வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த பாராசிட்டமாலும் பிசியோதெரபி தம்பி சொல்லிக் கொடுத்த பயிற்சியும்தான். எங்கள் தெரு மருந்துக்கடையில் அப்பாவே போய்த் தழும்பைக் காட்டிவிட்டு வந்தார். சட்டையைத் தூக்க வேண்டாம் என்று சொன்னால் கேட்டால்தானே.

வார்டுக்குத் தலையணை கொடுக்க வேண்டும் என்பது அம்மாவின் யோசனை. ரெக்ஸின் உறை போட்டது, துடைத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்கலாம். சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு வாங்கி வைத்திருக்கிறோம். அடுத்த ரிவ்யூவுக்கு வரும்போது கொண்டுவருகிறோம். கூடவே தேங்காய் மூட்டை ஒன்றும் வரும், அப்பா பிடிவாதமாக இருக்கிறார். தழும்பில் குடல் இறங்கிவிடக் கூடாது என்று நீங்கள் கனம் தூக்க வேண்டாம் என்று சொல்லியிருப்பதால் மூட்டையை என் தம்பி தூக்கி வருவான். அப்பா கை வைத்தால் தயவுசெய்து அங்கேயே அதட்டிவிடுங்கள். நாங்கள் சொன்னால் கேட்பதில்லை, பிசியோதெரபி தம்பி சொன்னால் கேட்பார்.

நன்றியுடன்,
பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு மகள்