மஞ்சள் காமாலை பற்றி எல்லாப் பெற்றோருக்கும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

நம் பள்ளியில் இதுவரை 14 பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை வந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் ஏ என்ற, கல்லீரலைத் தாக்கும் வைரஸ் என்று உறுதியாகிவிட்டது. மூன்று பேர் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பிவிட்டார்கள், மற்றவர்கள் வீட்டிலேயே தேறி வருகிறார்கள். ஐம்பது பேர், அறுபது பேர் என்று வாட்ஸ்அப்பில் ஓடுவதை நம்பாதீர்கள். ஆனால் 14 பேர் என்பதே அதிகம்தான், அதனால்தான் நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

முதல் இரண்டு பிள்ளைகளுக்கு வந்ததுமே பெற்றோர் குழுவில் பலரும் கைகாட்டியது கேட்டுக்கு வெளியே மாங்காயும் நெல்லிக்காயும் விற்கும் பாட்டியைத்தான். "முதலில் அந்த அம்மாவை விரட்டுங்கள்" என்று எனக்கே நேரில் சொன்னீர்கள். சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் நோய்வாய்ப்பட்ட பிள்ளைகளை மட்டும் கேட்டால் பலரும் மாங்காய் தின்றிருப்பார்கள், நன்றாக இருக்கும் பிள்ளைகளும் அதையேதான் தின்றிருக்கிறார்கள். அதனால் மாநகராட்சி சுகாதார ஆய்வாளர் ஒரு நோட்டு போட்டு, காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது, எந்த வகுப்பு, எந்தத் தெரு, வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருகிறாயா, எந்தக் குழாயில் குடிப்பாய், வெளியே என்ன வாங்கித் தின்றாய் என்று ஒவ்வொன்றாக எழுதினார். அதே கேள்விகளை அதே வகுப்புகளில் நன்றாக இருக்கும் பிள்ளைகளிடமும் கேட்டார். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. காமாலை வந்தவர்களில் நாலு பேர் பாட்டியிடம் எதுவுமே வாங்கியதில்லை. தினமும் வாங்கும் பிள்ளைகள் பலர் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் காமாலை வந்த அத்தனை பேரும் மைதானத்து ஓரக் குழாயில் தண்ணீர் குடித்தவர்கள்.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் ஏன் அந்தக் குழாய் என்று கேட்டேன். "அதுலதான் மிஸ் தண்ணி ஜில்லுன்னு வரும்" என்றாள். பி.டி. பீரியட் முடிந்து வேர்த்து விறுவிறுத்து வரும் பிள்ளைகள் நேராக அங்கேதான் ஓடுகிறார்கள், இரண்டு கையையும் குவித்து வயிறு முட்டக் குடிக்கிறார்கள். அந்தத் தண்ணீர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வருவதில்லை, தரையடி சம்ப்பிலிருந்து நேராக வருகிறது. குளோரின் கலப்பதோ மேல்நிலைத் தொட்டியில். சுகாதார ஆய்வாளர் இரண்டு சிறு சோதனைக் குழாய்களில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டுக் காட்டினார். சத்துணவுக் கூடத்துத் தண்ணீர் மஞ்சளாக மாறியது, அதாவது குளோரின் இருக்கிறது. மைதானக் குழாய்த் தண்ணீர் நிறமே மாறவில்லை. கிருமி பார்க்கும் இன்னொரு பாட்டிலில் அதே தண்ணீரைப் பிடித்து ஆய்வகத்தில் வைத்துவிட்டுப் போனார், மறுநாள் பார்த்தால் அது மை மாதிரி கறுத்துக் கிடந்தது. மனிதக் கழிவு கலந்த தண்ணீர் அப்படித்தான் கறுக்கும் என்றார்.

நவம்பர் நடுவில் கொட்டிய மழை உங்களுக்கு நினைவிருக்கும், கெடிலம் ஆற்றில் தண்ணீர் ஏறி நம் மைதானம் முழுக்கக் குளமாக நின்றது. கழிப்பறையின் செப்டிக் டேங்கும் நிரம்பி வழிந்திருக்கிறது, சம்ப்பின் சுவரில் ஒரு பக்கம் விரிசல். இந்த வைரஸ் உடம்புக்குள் போய் நோயாக வெளியே தெரிய 15 நாள் முதல் 50 நாள் வரை ஆகும், பெரும்பாலும் நாலு வாரம். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் சரியாக அந்த மழையில் போய் நிற்கிறது. டெல்லியில் 1955 கடைசியில் யமுனைக் குடிநீரில் சாக்கடை கலந்து ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை வந்தது. அது வேறு வைரஸ், ஆனால் வந்த வழி இதுதான்.

மைதானக் குழாயின் இணைப்பைத் துண்டித்தாயிற்று. சம்ப்பை இறைத்துக் காயவைத்துப் பூசும் வேலை நடக்கிறது. அடுத்தடுத்து இரண்டு சோதனைகளில் தண்ணீர் சுத்தம் என்று வந்தால்தான் திறப்போம், அப்போதும் மேல்நிலைத் தொட்டி வழியாக மட்டுமே. அதுவரை பிள்ளைகளிடம் வீட்டிலிருந்து கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் கொடுத்தனுப்புங்கள். கொதிக்க வைப்பது என்றால் சூடு பண்ணுவது கிடையாது, தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும். கேன் தண்ணீர்தானே என்று அப்படியே கொடுக்க வேண்டாம்.

குழாயை மூடிய பிறகும் ஏன் புதிதாக வருகிறது என்று சிலர் கோபமாகக் கேட்கிறீர்கள். மூடுவதற்கு முன் குடித்த பிள்ளைகளுக்கு இனிமேல்தான் தெரியவரும், ஜனவரி முடியும் வரை ஒன்றிரண்டு பேருக்கு வரலாம். அதற்குப் பிறகும் வந்தால் வேறு ஏதோ வழி இருக்கிறது என்று அர்த்தம், திரும்பவும் முதலிலிருந்து தேடுவோம்.

இப்போது உங்களிடம் மன்றாடிக் கேட்பது ஒன்று. அரையாண்டுத் தேர்வு நடக்கிறது என்று காய்ச்சல் மாத்திரை போட்டுப் பிள்ளையை அனுப்பாதீர்கள். கண் மஞ்சளாவதற்கு முன்னால் உள்ள இரண்டு வாரத்தில்தான் இந்த நோய் மற்றவர்களுக்கு அதிகமாகத் தொற்றும், மஞ்சள் தெரிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அதற்குள் பரவியிருக்கும். காய்ச்சல், வாந்தி, சோறு கண்டாலே குமட்டல், வலது விலாவுக்குக் கீழே வலி, சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போவது, இதில் எது இருந்தாலும் வீட்டில் வைத்துக்கொண்டு வகுப்பாசிரியருக்கு உடனே போன் செய்யுங்கள். விட்டுப்போன தேர்வைப் பின்னால் தனியாக எழுத வைக்கிறேன், மதிப்பெண் குறையாது, இது என் பொறுப்பு. மஞ்சள் தெரிந்த நாளிலிருந்து ஒரு வாரமாவது கழித்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு அனுப்பினால் போதும்.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஆறு வயதுக்குக் கீழே பெரும்பாலான குழந்தைகளுக்குக் கண் மஞ்சளாகவே செய்யாது, ஆனால் அவர்களிடமிருந்து பெரியவர்களுக்குத் தொற்றும், பெரியவர்களை இது ரொம்பவே படுத்தும். கழிப்பறை போய் வந்ததும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்டதும், சமைக்கும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இந்த வைரஸுக்கு சானிடைசர் சோப்பு அளவுக்கு வேலை செய்யாது. தடுப்பூசி இருக்கிறது, அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை. நோயாளியோடு பழகி இரண்டு வாரத்துக்குள் போட்டாலும் பலன் உண்டு, உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

இந்த நோய்க்கென்று தனி மருந்து கிடையாது, ஓய்வும் நீராகாரமும்தான், கல்லீரல் தானாகத் தேறிவிடும். கீழாநெல்லி கொடுப்பதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். கண்ணில் சாறு விடுவதும் கையில் சூடு போடுவதும் வேண்டவே வேண்டாம், குழந்தை வலியில் துடிப்பதுதான் மிச்சம். உப்பில்லாமல் எண்ணெயில்லாமல் வெறும் கஞ்சியிலேயே வாரக்கணக்கில் பிள்ளையைக் காயப்போடாதீர்கள், பசிக்கிறது என்று கேட்டால் இட்லியோ இடியாப்பமோ மோர் சாதமோ கொடுங்கள். குழப்பமாகப் பேசினாலோ, ஓயாமல் தூங்கினாலோ, மூக்கிலும் ஈறிலும் ரத்தம் வந்தாலோ ஒரு நிமிடம் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

காமாலை வந்து தேறிய பிள்ளை பக்கத்தில் என் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள் என்று சிலர் சொல்லியனுப்பியிருக்கிறீர்கள். பக்கத்தில் உட்கார்வதாலோ மூச்சுக்காற்றாலோ இது தொற்றாது. தண்ணீர் பாட்டிலையும் சாப்பாட்டு டப்பாவையும் மாற்றிக்கொள்ள வேண்டாம் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறோம், அது போதும். எந்தப் பிள்ளையையும் நான் தனியாக உட்கார வைக்கப்போவதில்லை.

பாட்டியும் வழக்கம்போல கேட்டுக்கு வெளியே இருப்பார். மூடி போட்ட வாளியும் கை கழுவத் தண்ணீரும் நாங்களே கொடுத்திருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குக் கூட்டம் வைத்திருக்கிறேன், சுகாதார ஆய்வாளரும் வருகிறார். சம்ப்பை நேரில் பார்க்க வேண்டும் என்பவர்கள் கொஞ்சம் முன்னதாகவே வாருங்கள், திறந்தே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்