கூழாங்கல்லும் சக்கரமும்

சான் டியாகோ
16.03.2025

அன்பு நண்பா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. வீடு மாற்றும் அமளியில் கராஜின் மேல்தட்டிலிருந்து உன் பழைய ஸ்கேட்போர்டு அகப்பட்டதையும், ஆசை அடங்காமல் அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிய நீ பத்தடி போவதற்குள் அது கரகரவென்று சத்தமிட்டு நின்றுவிட்டதையும் படித்தபோது, என் மனைவி அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்துவிட்டேன். சனிக்கிழமைதோறும் உன் அம்மா நம் இருவரையும் சமையலறை மேசையில் உட்கார வைத்துத் தமிழ் எழுதப் பழக்கியது வீண்போகவில்லை. ஆனால், இந்தக் கடிதத்தில் பாதிச் சொற்கள் தமிழ் எழுத்தில் நிற்கும் ஆங்கிலமாக இருப்பதை அவர் பார்த்திருந்தால் இருவர் காதையும் திருகியிருப்பார்.

அந்தப் பலகையை மறுபடி ஓட்ட முடியுமா என்று நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் பலகை பிழைக்கும், சக்கரங்களைப் பலகையோடு பிணைக்கும் டிரக்குகளும் பிழைக்கும், சக்கரங்கள் பிழைக்கா.

பலகையைப் பற்றிக் கவலைப்படாதே. ஏழு மேபிள் மரத்தகடுகளைப் பசையிட்டு அச்சில் வைத்து அழுத்திச் செய்த பொருள் அது. தண்ணீர் படாமல் இருந்திருந்தால் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் உன் எடையைத் தாங்கும். 1986இல் நாம் அக்கம்பக்கத்தார் கார்களைக் கழுவிச் சேர்த்த பணத்தில் வாங்கிய அந்தப் பலகைக்குப் பத்தங்குல அகலம், மீன் வடிவம். வால் மட்டும் தூக்கியிருக்கும், மூக்கு என்று சொல்ல ஒன்றுமிராது. இப்போது கடைகளில் தொங்குபவையெல்லாம் எட்டு, எட்டரை அங்குல அகலத்தில், இரு முனையும் ஒன்றுபோல் வளைந்து, ஐஸ் குச்சியைப் பெரிதாக்கி வைத்தது போல் இருக்கின்றன. ஆலன் கெல்ஃபாண்ட் 1970களின் இறுதியில் ஃபுளோரிடாவின் வளைசுவர்களில் கையால் பிடிக்காமலேயே பலகையோடு மேலே எழும்பிக் காட்டினார். அவருடைய செல்லப்பெயரான 'ஆலி' அந்த வித்தைக்கே பெயராயிற்று. 1980களின் தொடக்கத்தில் ராட்னி மல்லன் அதையே சமதரையில் செய்துவிட்டார்: பின்காலால் வாலைத் தரையில் தட்டி, அதே கணத்தில் முன்காலின் பக்கவாட்டை, பலகையின் மேல் ஒட்டியிருக்கும் உப்புத்தாள் போன்ற கிரிப் டேப்பின் சொரசொரப்பில் உரசி மேலே இழுத்தால், பலகை பாதத்தோடு ஒட்டியது போல் எழும்புகிறது. அதன் பிறகுதான் படிக்கட்டும் கைப்பிடியும் நடைபாதை விளிம்பும் ஆடுகளமாயின. முன்பின் பாராமல் எந்தப் பக்கமும் போகக்கூடிய பலகையும் தேவைப்பட்டது. உன் பலகை உலா போவதற்கானது. அதில் ஆலி அடித்துப் பார்க்கலாம் என்று இந்த வயதில் தோன்றினால், தயவுசெய்து யாரும் பார்க்காத இடத்தில் செய்.

டிரக்குகள் அலுமினிய வார்ப்பு. உனக்குப் பிறகும் இருக்கும். அவற்றின் நடுவில் இருக்கும் ரப்பர் போன்ற வளையங்களான புஷ்ஷிங்குகள்தான் காய்ந்து வெடித்திருக்கும், அவற்றை மாற்றிவிட்டால் போதும். நீ கேட்ட கரகரச் சத்தம் பேரிங்குகளுடையது. உள்விட்டம் 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, தடிமன் 7 என்ற அளவில், தொழிற்சாலைகளில் 608 என்ற எண்ணால் வழங்கும் சாதாரண பேரிங்தான் அது. உங்கள் போர்ட்லாண்டின் மழை ஈரத்தில் அதன் குண்டுகள் துருப்பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். கழற்றும் விதம் நினைவிருக்கிறதா? சக்கரத்தை அச்சின் நுனியில் பாதி மட்டும் நுழைத்து, ஒரு பக்கமாக நெம்பினால் பேரிங் 'டொக்' என்று வெளியே வரும். இதற்கென்று கருவிகள் விற்கிறார்கள், நான் இன்றுவரை வாங்கியதில்லை.

சக்கரத்துக்கு ஒரு சோதனை உண்டு. நகத்தால் அழுத்திப் பார். துளியும் கொடுக்காமல், பழைய தந்தம் போல் மஞ்சளித்து இருந்தால் சக்கரம் வார்க்கும் ரப்பர் போன்ற பொருளான யூரிதேன் செத்துவிட்டது என்று பொருள். மென்மை போன சக்கரத்தில் ஏறாதே என்று நான் சொல்வதற்குச் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறது. உனக்கு இதுவரை எழுதவில்லை. சென்ற அக்டோபரில் என் வலது மணிக்கட்டு உடைந்தது.

வித்தை எதுவும் செய்து விழவில்லை, அதுதான் வெட்கம். பையன்களுக்கு நிகராக ஆட வேண்டும் என்ற வீம்பில் 51 மில்லிமீட்டர் விட்டத்தில், கடினத்தில் 101ஏ என்று குறிக்கப்பட்ட (எண் ஏற ஏறக் கடினம் கூடும்) சக்கரங்களை மாட்டிக்கொண்டு, அந்தி நேரத்தில் ஒரு வாகன நிறுத்துமிடத்தைச் சும்மா கடந்து போய்க்கொண்டிருந்தேன். கொண்டைக்கடலை அளவுள்ள கூழாங்கல் ஒன்று முன்சக்கரத்தில் மாட்டியது. பலகை அங்கேயே நின்றது, நான் நிற்கவில்லை. விழும்போது கையை ஊன்றாதே, தோளைச் சுருட்டி உருண்டுவிடு என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்! ஊன்றினேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், என் நரைத்த தாடியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் என் மனைவி காரில் சொல்லி முடித்தாள்.

கட்டோடு வீட்டில் இருந்த நாட்களில் நான் யோசித்ததெல்லாம் அந்தக் கல்லைப் பற்றித்தான். பட்டி மெக்கீ காலமான செய்தி வந்ததும் அதே அக்டோபரில்தான். 1965ஆம் ஆண்டு மே மாதத்து 'லைஃப்' இதழின் அட்டையில் ஓடும் பலகையின் மேல் தலைகீழாகக் கைகளில் நின்ற பெண்மணி அவர். அந்தக் காலத்துச் சக்கரங்களைக் களிமண் சக்கரங்கள் என்பார்கள். ஈரத்தரையில் பிடிப்பில்லாமல் வழுக்கும், சிறு கல் பட்டால் சட்டென்று நிற்கும். விழுந்தவர்களின் எண்ணிக்கை பெருகியதில் பல நகரங்கள் தடை போட்டன. 1965 முடியும்போது விளையாட்டே ஏறக்குறைய அடங்கிவிட்டது. ஒரு கூழாங்கல் ஒரு தலைமுறையின் பொழுதுபோக்கை நிறுத்தியது என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். கட்டோடு உட்கார்ந்திருந்த எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அதை மீட்டவர் ஃபிராங்க் நாஸ்வொர்தி. 1970இல் வர்ஜீனியா மாநிலத்தில் பிளாஸ்டிக் பொருள்கள் செய்யும் ஒரு பட்டறையில் யூரிதேன் சக்கரங்களை அவர் பார்த்தார். அவை ரோலர் ஸ்கேட்டுகளுக்காக வார்க்கப்பட்டவை; பிடிப்பு அதிகம், வேகம் குறைவு என்பதால் பழகிய ஆட்டக்காரர்கள் அவற்றைச் சீண்டவில்லை. அந்தக் குறையே பலகைக்கு நிறை என்பதைக் கண்டுகொண்டு, நம்மிடமிருந்து அரைமணி நேரத் தொலைவில் இருக்கும் என்சினிடாஸுக்கு வந்து, 'கெடிலாக்' என்ற பெயரில் அவற்றை விற்கத் தொடங்கினார். அந்தக் கடற்கரைச் சாலையில் காரில் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும். யூரிதேன் கல்லைத் தள்ளுவதில்லை, கல்லோடு சண்டை போடுவதும் இல்லை. தான் அமுங்கிக் கல்லை உள்வாங்கி, ஏறி, கடந்து, மறுபடி தன் வட்டத்துக்கு வந்துவிடுகிறது. அந்தப் பிடிப்பு கிடைத்த பிறகுதான் பையன்களுக்குச் செங்குத்துச் சுவரில் ஏறும் துணிவே வந்தது. 1970களின் நடுவில் கலிஃபோர்னியாவை வறட்சி பிடித்து, தண்ணீர் வற்றிய நீச்சல் குளங்களில் சான்டா மோனிகாப் பையன்கள் சுற்றிச் சுழன்ற கதை உனக்குத் தெரிந்ததுதான். வறட்சியோடு யூரிதேனும் சேர்ந்து வந்ததால்தான் அது நடந்தது என்பதை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே, கட்டுப் பிரித்த பிறகு நான் முதலில் வாங்கியவை 60 மில்லிமீட்டர், 78ஏ மென்சக்கரங்கள். ஐம்பத்து மூன்று வயதில் சத்தமில்லாமல் ஓடும் சுகம் என்னவென்று இப்போதுதான் தெரிகிறது. நடைபாதையின் ஒவ்வொரு இணைப்பிலும் 'டக், டக்' என்று பல்லை ஆட்டிய அதிர்ச்சி போய், தொலைவில் ரயில் போவது போன்ற மெல்லிய ஒலி மட்டும் கேட்கிறது. இதற்கு ஒரு விலை உண்டு. மென்சக்கரம் பக்கவாட்டில் வழுக்காது. பலகையைச் சட்டென்று குறுக்கே திருப்பிச் சறுக்க நினைத்தால் அது தரையைக் கவ்விக்கொண்டு உன்னைத் தூக்கி எறியும். அதனால்தான் தெருவில் வித்தை செய்யும் பிள்ளைகள் 99ஏ, 101ஏ என்று கல் போன்றவற்றைத் தேடிப் போகிறார்கள். இரண்டையும் ஒரே சக்கரத்தில் கொடுக்கிறோம் என்று பவல் பெரால்டா நிறுவனம் 93ஏ அளவில் 'டிராகன்' என்றொரு வகையைக் கொண்டுவந்திருக்கிறது. கரடான தாரிலும் சறுக்குகிறது, கல்லிலும் நிற்பதில்லை. பத்து நிமிடம் கடன் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். சொந்தமாக வாங்கும் ஆசையை அடக்கி வைத்திருக்கிறேன், எத்தனை நாளைக்கென்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு லிண்டா விஸ்டா பூங்காவுக்குப் போகிறேன். அந்த நேரத்தில் வருபவர்கள் பெரும்பாலும் நம் வயதுக்காரர்கள்: முழங்காலுக்கு இரண்டடுக்கு உறை போட்டவர், இரவுப்பணி முடித்து நேராக வரும் செவிலியர், பேரனைக் கூட்டி வரும் தாத்தா. போன வாரம் ஒன்பது வயதிருக்கும் ஒரு சிறுமி ஐந்தடிச் சரிவின் விளிம்பில் நின்றிருந்தாள். வாலை விளிம்பில் வைத்துப் பின்காலால் மிதித்தாகிவிட்டது. முன்சக்கரங்கள் அந்தரத்தில் இருந்தன. முன்காலை ஓங்கி மிதித்து உடலை முன்னே கொடுக்க வேண்டும். பயந்து பின்னால் சாய்ந்தால்தான் விழுவோம் என்பதை மூளை ஒப்புக்கொண்டாலும் வயிறு ஒப்புக்கொள்ளாது. அவள் காலை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். ஒவ்வொருவராக ஆட்டத்தை நிறுத்தினோம். யாரும் அவசரப்படுத்தவில்லை. செவிலியர் மட்டும் கீழே இறங்கிப் போய் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார். முதல் முறை சிறுமி அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நான்காவது முறை பிடிக்காமல் இறங்கினாள். நாங்கள் கைதட்டவில்லை, பலகைகளின் வாலால் சிமெண்டைத் தட்டினோம். அந்தச் சத்தத்தை நீ கேட்டு எவ்வளவு நாளாயிற்று?

ஒலிம்பிக்கில் சேர்த்ததால் இந்த ஆட்டம் கெட்டுவிட்டது என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் டோக்கியோவின்போது அப்படித்தான் தோன்றியது. சீருடையும் மதிப்பெண்ணும் நமக்கு எதற்கு என்று புலம்பினேன். ஆனால் 2024இல் பாரிஸில் ஒரே குழியில் பதினொரு வயதுச் சீனச் சிறுமி செங் ஹாவ்ஹாவும், பிரிட்டனுக்காக ஐம்பத்தொரு வயது ஆண்டி மெக்டொனால்டும் அடுத்தடுத்த நாட்களில் இறங்கியதைப் பார்த்த பிறகு என் வாய் அடைத்துப்போயிற்று. கெடுத்தது என்றால் ஒலிம்பிக்கைவிடக் காப்பீட்டுக்காரர்கள்தான் அதிகம் கெடுத்தார்கள். பேருந்துக்குக் காசு சேர்த்து நாம் போய்வந்த ஸ்கேட் பூங்காவான டெல் மார் ஸ்கேட் ரான்ச் 1987இல் இடிக்கப்பட்டது நினைவிருக்கிறதா? பின்னாளில் உலகப் புகழ் பெற்ற டோனி ஹாக் ஈர்க்குச்சி போன்ற உடம்போடு அங்கே பறந்ததை வேலி ஓரமாக நின்று வாய் பிளந்து பார்த்தோமே! அதன் பிறகு பத்தாண்டுகள் காவலாளிகளிடமிருந்து ஓடுவதே நம் பயிற்சியாக இருந்தது. இது ஆபத்தான பொழுதுபோக்கு, விழுகிறவர் தம் பொறுப்பில் விழுகிறார் என்று கலிஃபோர்னியா சட்டம் போட்டு, அது 1998இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் நகராட்சிகள் வழக்குப் பயம் குறைந்து பூங்காக்கள் கட்டத் தொடங்கின. ஆபத்து என்று எழுதிக் கொடுத்ததால் நமக்கு இடம் கிடைத்தது!

உங்கள் ஊர்க்காரர்கள் அதற்கும் காத்திருக்கவில்லை. 1990இல் பர்ன்சைடு பாலத்தடியில் யாரிடமும் அனுமதி கேட்காமல் சிமெண்ட் மூட்டையோடு வந்து தங்கள் ஸ்கேட் பூங்காவைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். பிறகு நகரமும் அதை ஒப்புக்கொண்டது. நீ பத்தாண்டுகளாகப் போர்ட்லாண்டில் இருந்துகொண்டு ஒருமுறைகூட அங்கே போகவில்லை என்பதை உன் கடிதத்தின் மூலை வரியில் படித்து மனம் நொந்தேன். ஏற வேண்டாம், போய்ப் பார்த்துவிட்டாவது வா. மாமல்லபுரத்துக் கமலி சிறுமியாக இருந்தபோது வெறுங்காலோடு பலகையில் இறங்கிய படத்தை என் மகள் எனக்குக் காட்டினாள். அவளுக்கு ஷூ இல்லாதது தடையாகவில்லை, உனக்கு மழை தடையாகிறதா?

நாளை ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். நான்கு மென்சக்கரங்கள், எட்டு பேரிங்குகள், புஷ்ஷிங்குகள், ஒரு கிரிப் டேப் தாள் ஆகியவை இருக்கும். கூடவே இரண்டு ரைசர் தகடுகளும் நீளமான எட்டு போல்ட்களும் வைத்திருக்கிறேன். அவற்றைத் தேவையில்லை என்று ஒதுக்கிவிடாதே. பெரிய சக்கரம் திருப்பத்தில் பலகையின் அடியைத் தொட்டால் அப்படியே நின்றுவிடும். அதற்குக் கூழாங்கல்கூடத் தேவையில்லை. டிரக்குக்கும் பலகைக்கும் நடுவில் தகட்டை வைத்து முடுக்கு. சக்கர நட்டை இறுகும் வரை திருகிவிட்டு, சக்கரம் பக்கவாட்டில் மயிரிழை ஆடும் அளவுக்குத் தளர்த்து. பின்பு தரையில் வைத்து, ஒரு காலை மேலே ஊன்றி இருபக்கமும் சாய்த்துப் பார். எங்கும் உரசவில்லை என்றால் ஏறலாம். ஹெல்மெட்டை நான் அனுப்பவில்லை, உன் தலையின் அளவு எனக்குத் தெரியாது. கடைக்குப் போய் நீயே போட்டுப் பார்த்து வாங்கிக்கொள்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் பழைய கூட்டாளி