சிங்க்குக்கு அடியில் எடுத்த படம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, பார்த்துக்கறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன்.

நீ புதுசாக வாங்கின டிரெய்லரில், அதுதான் இழுத்துப் போகிற வீட்டு வண்டியில், சிங்க்குக்கு அடியில் எடுத்து அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வளைவுக்குழாய் நட்டில் இடது பக்கம் ஒரு மரை முழுசாக வெளியே தெரிகிறது, வலது பக்கம் தெரியவில்லை. நட்டு கோணலாக ஏறியிருக்கிறது. அதை மேலும் இறுக்கினால் ஒழுகல் நிற்காது, நட்டுதான் விரிசல் விடும். முழுக்கக் கழற்று. உள்ளே இருக்கிற கூம்பு வாஷர் புரண்டிருக்கிறதா பார். நேராக வைத்துக் கையாலேயே ஏற்று. கை நின்ற பிறகு கால் சுற்று, போதும். அங்கே டெஃப்லான் டேப் சுற்றாதே, தண்ணீரை அடைப்பது வாஷர்தான். பிளாஸ்டிக் மரை பாப்பா, இறுக்காதே.

புது வண்டி எப்படி ஒழுகும் என்று அம்மா கேட்கிறாள். புதுசுதான் ஒழுகும். கரூரில் நாங்கள் பாடி கட்டி அனுப்பின பஸ்ஸே முதல் ஓட்டம் முடிந்து திரும்பினால் எங்கேயாவது ஆடும். உன் வண்டி ஸ்டிக்கரில் இந்தியானா, எல்க்கார்ட் என்று இருக்கிறது. அந்த ஊர்ப் பக்கம்தான் அமெரிக்காவில் டிரெய்லர்கள் பெரும்பாலும் செய்கிறார்களாம். அங்கிருந்து ஒஹையோ வரை இழுத்து வந்ததில் ஒவ்வொரு ஜாயிண்டும் குலுங்கியிருக்கும். அதனால் ஒரு நட்டைச் சரிபண்ணிவிட்டு முடிந்தது என்று உட்காராதே.

ராத்திரி யாரும் குழாய் திறக்காதபோதே பம்ப் "டர்ர்" என்று ஒரு நொடி ஓடி நிற்கிறது என்றாயே, அதுதான் எனக்குத் தூக்கம் வராத விஷயம். குழாயில் அழுத்தம் குறைந்தால்தான் அந்தப் பம்ப் ஓடும். அப்படியென்றால் எங்கேயோ தண்ணீர் போகிறது. டிஷ்யூ பேப்பரைக் கிழித்து ஒவ்வொரு ஜாயிண்டுக்கு அடியிலும் வை: டாய்லெட் வால்வு, ஹீட்டர் பின்பக்கம், பம்ப் தலை, வெளி ஷவர் பெட்டி. வெளி ஷவரை எல்லோரும் மறந்துவிடுவார்கள். காலையில் எந்தப் பேப்பர் நனைந்திருக்கிறது என்று பார். ஒன்றுமே நனையவில்லை என்றால் தண்ணீர் பம்ப் வழியாகவே டேங்குக்குத் திரும்பலாம். அதற்கு, முகாமில் தண்ணீர் தரும் வெளிக்குழாயை மாட்டிவிட்டு டேங்க் தானாக நிரம்புகிறதா பார். நிரம்பினால் பம்ப்பில் தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்கிற செக் வால்வு பிடிக்கவில்லை.

வெளிக்குழாய் மாட்டும்போது அழுத்தத்தைக் குறைக்கிற ரெகுலேட்டர் இல்லாமல் மாட்டாதே. சில முகாம்களில் தண்ணீர் அழுத்தம் 80 பி.எஸ்.ஐ.க்கு மேல்கூட வரும். உனக்கு 45 போதும்.

அடுத்தது மூலையில் அந்தப் பழுப்புக் கறை. அது குழாய்த் தண்ணீர் இல்லை, மழைத் தண்ணீர். கறை இருக்கிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்காதே, தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து சட்டத்தோடு ஓடி வேறெங்கோ சொட்டும். பட்டறையில் ஷவர் டெஸ்ட் பார்த்திருக்கிறாயே, அதேதான். ஹோஸை வைத்துக் கீழிருந்து மேலே, ஒரு நேரத்தில் ஒரு ஜன்னல், ஒரு விளிம்பு என்று மெதுவாக நனை. உள்ளே ஒருவர் டார்ச் வைத்துப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளையை நிற்கச் சொல். ரெண்டு பேர் இல்லாமல் இது ஆகாது.

மாப்பிள்ளைக்கு ஒழியவில்லை என்றால், உள்ளே ப்ளோயரால் காற்றை ஏற்றிவிட்டு வெளியே சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. நுரை கிளம்பும் இடம்தான் ஓட்டை. அதை சர்வீஸ்காரர்கள் செய்து தருவார்கள். தனியாக நீ கூரைமேல் ஏறாதே.

ஓட்டை கூரையில் தெரிந்தால் சிலிக்கான் வைக்காதே. சிலிக்கான் வைத்த இடத்தில் பிறகு வேறெதுவும் ஒட்டாது, சுரண்டிச் சுரண்டிக் கை போகும். கூரை ரப்பர் ஷீட்டுக்கென்று தானாகப் பரவும் சீலண்ட் தனியாக விற்கிறது. ஜன்னலுக்குப் பின்னால் வைப்பது பியூட்டைல் டேப். டீலர் ஆள் சிலிக்கான் டியூபோடு வந்தாலும் விடாதே.

நீ ஸ்பேனர் பிடிக்கிறாய் என்று சொன்னால் உன் சித்தப்பா நம்பவில்லை. பட்டறையில் ரிவெட் டப்பாவை உருட்டிக்கொண்டு திரிந்த பிள்ளை என்றேன். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வண்டி வாங்கிய பிறகு ஒழுகலைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, வாங்கும் முன்னால் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

லீவுக்குச் சுற்றத்தான் என்றாய். அப்புறம் ஜனவரியில் உள்ளே இருந்தால் பைப் உறையுமா என்று கேட்கிறாய். உறையும். தண்ணீர் ஐஸானால் 9 சதவீதம் பெருகும், எந்த ஜாயிண்டும் தாங்காது. லீவுக்கு மட்டும் என்றால் நவம்பருக்குள் அடியில் இருக்கிற வடிகால் வால்வுகளைத் திறந்து வடித்துவிட்டு, ஹீட்டரை பைபாஸில் போட்டு, குழாய் உறையாமல் காக்கிற அந்த இளஞ்சிவப்புத் திரவத்தை ஓட்டிவிடு. காருக்கு ஊற்றுவதை ஊற்றாதே, அது விஷம். ஆள் இருப்பதென்றால் குழாய்களில் ஹீட் டேப் சுற்ற வேண்டும், அடிப்பலகைக்குள் சூடு போக வேண்டும். பெரிய வேலை. அதற்கு வேண்டியதெல்லாம் நான் எழுதுகிறேன், ஆனால் எதற்கென்று தெரிந்தால்தானே எழுத முடியும்.

மாடியில் இருந்தவர்கள் காலி பண்ணிவிட்டார்கள். வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். அடுத்த ஆளைப் பார்க்கலாமா என்று புரோக்கர் வந்தார், இப்போதைக்கு வேண்டாம் என்றேன். அம்மாவும் சரி என்றாள்.

சிங்க் வேலை முடிந்ததும் நட்டைப் படம் எடுத்து அனுப்பு. பம்ப் அடிக்கிறதா இல்லையா என்றும் சொல். எதையும் இறுக்காதே. புது வண்டிக்கு வழக்கமாக ஒரு வருஷம் வாரண்டி இருக்கும், ஒழுகலை நீயாகச் சரிபண்ணினாலும் டீலருக்கு எழுத்தில் சொல்லி வை, தேதி போட்டு. வண்டி உன் பேரில் மட்டுமா, ரெண்டு பேர் பேரிலுமா? வாரண்டிக்குக் கேட்பார்கள், அதற்குத்தான் கேட்கிறேன்.

அப்பா