கல்லா வேற, நம்ம பாக்கெட் வேற

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடசென்னையில சின்ன கடைங்க மூடிட்டு போறத பத்தி செய்தி வந்தாலே ஆன்லைன் வந்துடுச்சு, சூப்பர் மார்க்கெட் வந்துடுச்சு, மெட்ரோவுக்கு ரோட்ட தோண்டிட்டாங்கன்னுதான் காரணம் போடுறாங்க. அதெல்லாம் பொய்யின்னு நான் சொல்ல வரல. 2021 பிப்ரவரியில விம்கோ நகர் வரைக்கும் ரயில் ஓட ஆரம்பிக்கிறதுக்குள்ள டி.எச். ரோட்டு (திருவொற்றியூர் ஹை ரோடு) கடைக்காரங்க பட்ட பாடு இந்த ஏரியாவுக்கே தெரியும். ஆனா நான் பழைய வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் கடைகளுக்கு கணக்கு எழுதிக் குடுக்குறவன், மூடுன கடைங்களோட நோட்டையும் பொரட்டி பாத்திருக்கேன், அதுல நிறைய கடை வெளியாளு வந்து கெடுத்தது இல்ல, ஓனரோட பழக்கம்தான் உள்ளயே அரிச்சிருக்கு.

முக்கியமான பழக்கம் கல்லாவுல இருந்து எழுதாம எடுக்குறது. ஒரு மளிகை கடைய எடுத்துக்குங்க, ஒரு நாளைக்கு 8,000 ரூபா யாவாரம், அதுல 100க்கு 10 ரூபா நிக்குதுன்னு வைங்க. அப்போ லாபம் 800, மாசத்துக்கு 24,000. வாடகை 9,000, கரன்ட் பில்லு 2,500 போனா மிச்சம் 12,500. ஆனா ராத்திரி கல்லாவ தொறந்தா உள்ள 8,000 இருக்கும்ல, அத பாத்தா எல்லாம் நம்ம துட்டு மாதிரியே தெரியும், பெட்ரோலுக்கு ஒரு 200, பையன் கேட்டான்னு 100, ஃப்ரெண்டு வந்தான்னு 300, மொத்தம் 600 போயிடும், எங்கயும் எழுத மாட்டாரு. மாசத்துக்கு 18,000 ஆச்சா? வந்தது 12,500 தான், அப்போ 5,500 ரூபா சரக்கு வாங்குற மொதலுல இருந்து போயிருக்கு. ஒரு வருஷத்துல 66,000. ஷெல்ஃப்ல முன்னாடி ஒரு வரிசை மட்டும் பாக்கெட் நிக்கும், பின்னாடி காலி, கஸ்டமர் கேக்குற பொருள் இல்லன்னதும் அடுத்த கடைக்கு போயிடுவாங்க. ஓனர்கிட்ட கேட்டா "யாவாரம் டல்லு"ன்னுவாரு. யாவாரம் நல்லாத்தான் இருந்துச்சுண்ணே, மொதலத்தான் தின்னுட்டோம்.

ஜிபே வந்தப்புறம் இது இன்னும் மோசமாயிடுச்சு. கடையில ஒட்டியிருக்குற கியூஆர் கோடு வீட்டு சேவிங்ஸ் அக்கவுன்ட்டுக்கு போகுது, அதே அக்கவுன்ட்ல பைக் இஎம்ஐ, போன் இஎம்ஐ. 5ஆம் தேதி பேங்க்காரன் எடுத்துட்டு போயிடுறான், 6ஆம் தேதி மொத்த யாவாரிக்கு குடுத்த செக் ரிட்டன் ஆகுது. செக் பவுன்ஸ் ஆகி, நோட்டீஸ் வந்தப்புறமும் பணம் கட்டலன்னா கோர்ட்டு கேஸ், 2 வருஷம் வரைக்கும் ஜெயில் தண்டனைக்கு சட்டத்துல எடம் இருக்கு. அது கூட பரவால்லன்னு வைங்க, மார்க்கெட்ல பேரு போயிடுது பாருங்க, அதுக்கப்புறம் மின்ட் தெரு மொத்த யாவாரிங்க எவனும் கடனுக்கு சரக்கு போட மாட்டான்.

அப்போதான் தினவசூல் கடன் குடுக்குற தண்டல்காரர் வர்றாரு. 10,000 ரூபா தண்டல்னா கையில 9,000 குடுப்பாரு, தினம் 100 ரூபா வீதம் 100 நாள் கட்டணும், சில பேர் 8,500 தான் குடுப்பாங்க. 1,000 ரூபா தானேன்னு தோணும். ஆனா தினமும் திருப்பிக் கட்டிக்கிட்டே வர்றோம், அதனால முழு 9,000மும் நம்ம கையில 100 நாள் இருக்கறதே இல்ல, அத சேத்து கணக்கு போட்டா வருஷ வட்டி 75 சதவீதத்த தாண்டுது. 100க்கு 10 ரூபா நிக்குற மளிகையில இந்த வட்டிய எங்கேர்ந்து கட்றது? அந்த துட்டுல காதுகுத்து வேற நடத்துறாங்க, எனக்கு உண்மையிலேயே வயிறு எரியுது.

சின்ன தொழிலுக்கு கடன் குடுக்குற மத்திய அரசு முத்ரா திட்டத்துல 50,000 ரூபா வரைக்கும் சிஷு லோன் அடமானம் இல்லாம குடுக்கறாங்க, 2015லேர்ந்து இருக்கு. சின்ன தொழில்னு அரசாங்கத்துல பதியுற உத்யம் பதிவும் இலவசம்தான், அதுக்கு ஏஜென்ட்டுக்கு காசு குடுக்கவே வேணாம். ஆனா பேங்க்ல போய் உக்காந்தா மேனேஜர் மொதல்ல அக்கவுன்ட் ஸ்டேட்மென்ட் கேப்பாரு, அதுல கடை வரவு எது வீட்டு செலவு எதுன்னு நமக்கே தெரியலன்னா அவரு எத நம்பி குடுப்பாரு. எழுதாம விட்ட பழக்கம்தான் பேங்க் கதவ மூடி தண்டல்காரர் கிட்ட தள்ளி விடுது, இது நெறைய பேருக்கு புரியல.

கஸ்டமருக்கு கடன் குடுத்தத எழுதுற நோட்டும் அப்படித்தான். தெருவுல தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்க, கேக்க சங்கடம். கேக்காம 3 வருஷம் போயிடுச்சுன்னா பொதுவா கோர்ட்டுல கூட கேக்க முடியாது.

காசிமேட்டுல மீன் வாங்கி விக்கிற அம்மாங்கள பாருங்க. வித்து முடிச்சதும் நாளைக்கு ஏலத்துக்கான மொதல தனியா முடிஞ்சு வச்சுட்டுதான் மிச்சத்துல வீட்டுக்கு அரிசி பருப்பு வாங்குவாங்க. படிச்ச புள்ளைங்க லட்சக்கணக்குல போட்டு கடை தொறந்துட்டு இத செய்ய மாட்டேங்குதுங்க.

நான் கடைக்காரங்களுக்கு சொல்றது இதுதான். கடை பேர்ல ஒரு தனி அக்கவுன்ட், கியூஆர் கோடு அதுக்கு மட்டும். ஓனர் தனக்கு ஒரு சம்பளம் முடிவு பண்ணி ஞாயித்துக்கெழம மட்டும் எடுத்துக்கணும், நடுவுல டீ காசு எடுத்தாலும் நோட்டுல ஏறணும். ஷட்டர் எறக்குறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஒக்காந்து எழுதுங்க, செல்போன அப்புறம் பாக்கலாம். முடிஞ்சா நோட்ட வீட்டம்மா கையில குடுத்துடுங்க, நான் பாத்த வரைக்கும் அவங்க கணக்கு பாக்குற கடைங்கதான் கஷ்ட காலத்துலயும் நிக்குது. மொத மாசம் ரொம்ப கஷ்டமா இருக்கும், கை தானா கல்லாவுக்கு போகும், அப்போ எடுத்தத எழுதுனா மட்டும் போதும், எழுத எழுத எடுக்குறது தானா கொறையும்.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். வரவு, கொள்முதல், வாடகை, ஓனர் எடுத்தது, பாக்கின்னு அஞ்சு கட்டம் போட்ட ஒரு தமிழ் கணக்கு தாளு, கிழிச்சு கல்லா பக்கத்துல ஒட்டுற மாதிரி, மாசம் ஒரு தடவை உங்க பேப்பர்ல போடுங்க. மாதிரி தாளு நானே எழுதி அனுப்புறேன், காசு எதுவும் வேணாம்.

இப்படிக்கு,
கடைகளுக்கு கணக்கு எழுதும் ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.