பெயரை வெட்டும் முன் ஒரு ஆளைக் கொடுங்கள்

கர்த்தருக்குள் அன்பான சபைகுரு ஐயரவர்களுக்கும், ஏழு ஊர்ச் சபைகள் சேர்ந்த நம் சேகரத்தின் கமிட்டி அங்கத்தினர் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வாசித்தீர்கள். வேறு கூட்டங்களுக்குத் தொடர்ந்து போகிறவர்களின் பெயர் சபை ரிஜிஸ்டரிலிருந்து எடுக்கப்படும், கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் அவர்கள் சேகரத்துக்கு வர முடியாது என்று. யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனாலும் யார் யாரென்று கோயிலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அதில் ஒருவன் என் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளை. அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றரை வருஷத்துக்கு முன், நவம்பரில் திடப்படுத்தல் எடுத்த, அதாவது தங்கள் ஞானஸ்நான வாக்கைத் தாங்களே சபை முன் ஏற்றுக்கொண்ட 31 பேரில் அவனும் உண்டு. நான்கு சனிக்கிழமை வகுப்பு நடந்தது. விசுவாசப் பிரமாணமும் பத்துக் கற்பனைகளும் பிழையில்லாமல் ஒப்பித்தான். பேராயர் தலையில் கை வைத்து ஜெபித்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான். பிறகு போட்டோ எடுத்தோம், கேக் வெட்டினோம். அதோடு சரி. அந்த 31 பேரையும் திரும்ப ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைத்து யாரும் பேசவில்லை. இந்த ஈஸ்டர் திருவிருந்தில் எண்ணிப் பார்த்தேன். ஒன்பது பேர் இருந்தார்கள்.

அடுத்த ஜூனில் அவன் அப்பா இறந்தார். எப்படி இறந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். அடக்க ஆராதனையைக் குறையில்லாமல் நடத்திக் கொடுத்தீர்கள். அதன் பிறகு மூன்று ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அவன் ஐயரவர்களின் வெஸ்ட்ரி அறை வாசலில் போய் நின்றான். முதல் ஞாயிறு உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் ஞாயிறு ஐயரவர்கள் அடுத்த ஊர் ஆராதனைக்குப் புறப்பட்டுவிட்டீர்கள். மூன்றாம் ஞாயிறு, சபை விருந்தான அசனத்துக்கு அரிசி வந்து இறங்கியது. "தம்பி, சும்மாதானே நிக்க, ஒரு கை பிடி" என்று கமிட்டியில் ஒருவர் சொல்ல, அவன் மூட்டை சுமந்தான். பதினான்கு மூட்டை. அன்று போட்டிருந்தது திடப்படுத்தலுக்கு அவன் அப்பா எடுத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை. தோள் முழுக்கச் சாக்குத் தூசி. குழாயடியில் கை கழுவிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டான்.

அவன் கேட்க வந்தது என்ன என்பது எனக்கே வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. "எங்கப்பா குடிச்சே செத்தாரு. அவரு கர்த்தர்கிட்ட போயிருப்பாரா டீச்சர்?"

பதினாறு வயசுப் பிள்ளை இந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் நின்றிருக்கிறான். நமக்கு அரிசி மூட்டைதான் கண்ணில் பட்டது. நமக்கு என்றுதான் சொல்கிறேன். அன்று நானும் பக்கத்தில் நின்று அண்டாக்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போது அவன் டவுனில் ஒரு ஜெபவீட்டுக்குப் போகிறான். பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது ஏன் என்று கேட்டேன். அங்குள்ள பிரசங்கத்தையோ பாட்டையோ அவன் சொல்லவில்லை. "அங்க ஒரு அண்ணன் தினமும் ராத்திரி போன் பண்ணி, சாப்ட்டியான்னு கேக்காரு டீச்சர்" என்றான். ஜெபவீட்டார் நம் மந்தையின் ஆடு திருடுகிறார்கள் என்று கமிட்டியில் பேசினார்களாம். தொழுவத்து வாசலில் மூன்று ஞாயிறு நின்ற ஆட்டை யாரும் திருட வேண்டியதில்லை ஐயா.

நான் கேட்பது ஒன்றுதான். திடப்படுத்தல் எடுக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சபையில் ஒரு பெரியவரைப் பொறுப்பாகக் கொடுங்கள், ஒரு வருஷத்துக்காவது. இதையே மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். மூன்று தடவையும் "அடுத்த கமிட்டியில் பார்ப்போம்" என்ற பதில்தான் வந்தது. பெயர் நீக்கும் தீர்மானம் மட்டும் ஒரே கமிட்டியில் நிறைவேறிவிட்டது.

எனக்கு 1979-இல் திடப்படுத்தல். எங்கள் தெருவில் ஒரு விதவைப் பெரியம்மா இருந்தார்கள், வீடு வீடாய்ப் போய் வேதம் சொல்லும் வேதாகம ஸ்திரீயாக ஊழியம் செய்து ஓய்ந்தவர்கள். சனிக்கிழமை சாயங்காலம் போனால் முருங்கைக்கீரையை என் மடியில் தள்ளுவார்கள். உருவிக்கொண்டே பேசுவோம். "இந்த வாரம் யார்ட்ட கோவப்பட்ட? அப்புறம் பேசினியா?" என்பார்கள். நான் சொல்லும்வரை விடமாட்டார்கள், சொன்ன பிறகு திட்டவும் மாட்டார்கள். பத்தாம் வகுப்பில் கணக்கில் பெயிலாகி, வெட்கத்தில் கோயிலுக்கு வரமாட்டேன் என்று கிடந்தபோது வீட்டுக்கே வந்து, கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தன் பக்கத்தில் பாயில் உட்கார வைத்தார்கள். என் விசுவாசம் நின்றது அந்தப் பாயில்தான்.

இது ஒன்றும் நான் கண்டுபிடித்த புதுமை இல்லை. அப்போஸ்தலர் பவுல் வேண்டாமென்று விட்ட மாற்குவை, அவரோடு ஊழியம் செய்த பர்னபா தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். பிற்பாடு அதே பவுல், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று எழுதினார். நடுவில் யாரும் மாற்குவின் பெயரை வெட்டவில்லை. நம் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1910-இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில், ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானதும் அவர்தான். அன்று அவர் வெள்ளைக்காரர்களிடம் கேட்டதை இன்று நம் பிள்ளை நம்மிடம் கேட்டு நின்றான்.

ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்று ஆட்களை நிறுத்திக் குழந்தைக்காக வாக்குக் கொடுக்க வைக்கிறோம். அந்த வாக்கு எங்கே போனது? சேகரங்களெல்லாம் சேர்ந்த திருமண்டலத்துக்குத் தேர்தல் வந்தால் ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போகிறோம். சென்னையில் வேலை பார்க்கும் வாலிபனைக்கூடத் தேடிப்பிடித்து ஓட்டுக்கு வரவழைக்கிறோம். புதுக் கோபுரத்துக்கு ஆள் உண்டு, சவுண்ட் பாக்ஸுக்கு ஆள் உண்டு, அசனப் பந்தியில் பரிமாற முண்டியடிக்கிறோம். ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார மட்டும் இத்தனை பெரிய சேகரத்தில் ஆள் இல்லை என்றால் அதை என்னால் ஏற்க முடியவில்லை.

கோபத்தில் ஏதாவது அதிகப்படியாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். ஏழு ஊர்ச் சபைகளை ஐயரவர்கள் ஒருவராக ஓடிப் பார்க்கிறீர்கள். எல்லாப் பிள்ளைகளோடும் நீங்களே பேச முடியாது. அதனால்தான் பெரியவர்களைக் கேட்கிறேன். இதுவரை பன்னிரண்டு பேர் எனக்குச் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். ரிட்டயர்டான போஸ்ட்மேன் இருக்கிறார், நர்ஸ் ஒருவர், டிராக்டர் மெக்கானிக் ஒருவர். பெண்பிள்ளைகளுக்குப் பெண்கள்தான். பெற்றோருக்குத் தெரிந்து, திண்ணையிலோ கோயில் முற்றத்திலோ, நாலு பேர் பார்வையில்தான் சந்திக்க வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒரு மணி நேரம் போதும். மாற்கு சுவிசேஷத்தை அதிகாரம் அதிகாரமாகச் சேர்ந்து வாசிக்கட்டும். பதில் தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லி, பிள்ளையை ஐயரவர்களிடம் கூட்டிக்கொண்டு வரட்டும். மாதம் ஒரு சனிக்கிழமை இந்தப் பன்னிரண்டு பேரோடும் நீங்கள் உட்கார்ந்தால் போதும். இதற்குக் கமிட்டி ஒரு பைசா ஒதுக்க வேண்டாம்.

வரும் நவம்பரில் மறுபடியும் திடப்படுத்தல். வகுப்பு தொடங்கும் முன்பே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவரைக் குறித்துக் கொடுக்கும்படி தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன். போன ஞாயிற்று அறிவிப்பையும் அதுவரை நிறுத்தி வையுங்கள்.

அடுத்த மாதம் அவன் அப்பாவுக்கு முதல் வருஷ நினைவு நாள். அன்று சாயங்காலம் அம்மாவோடு கல்லறைத் தோட்டத்துக்கு வருவான். ஐயரவர்கள் ஒரு அரைமணி நேரம் வந்து அவன் பக்கத்தில் உட்காருங்கள். அன்றைக்கு என்ன கேட்க வந்தாய் தம்பி என்று நீங்களே அவனைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள்,
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒருத்தி